பந்தாலேயோ போட்ட கணிச்சம்

அந்த ஆண்டு மார்ச் மாதக் குளிரைப் பற்றிப் பந்தாலேயோ பெர்கோலோ சொல்வதில் பாதியை நம்பலாம். ஆட்டைக் கறந்தால் பால் கயிறாக இறங்கியது, கத்தியால் நறுக்கித்தான் பாத்திரத்தில் போட்டோம் என்பார். பக்கத்து வீட்டுக் கசாக்காரன் ஜுமாஷ் அதைக் கேட்டுவிட்டு, பெரியவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார், காலையில் மட்டும்தான் கத்தி தேவைப்பட்டது, மத்தியானத்தில் கையாலேயே ஒடிக்கலாம் என்று திருத்துவான்.

நம்ப வேண்டிய பாதி இது. 1942-இல் கெர்ச் துறைமுகத்து இத்தாலியர்களைச் சர்க்கார் ஆட்கள் வீடு வீடாக எழுப்பி, இரண்டு மாதம் கப்பலிலும் ரயிலிலும் உலுக்கி, கசாக் புல்வெளியில் கரகந்தாவுக்கு அந்தப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள். பாட்டன் காலத்திலேயே இத்தாலியை விட்டுக் கருங்கடலுக்கு மீன் பிடிக்க வந்த குடும்பங்கள். தாங்கள் கண்ணால் பார்த்திராத இத்தாலி யுத்தத்தில் எதிர்ப்பக்கம் நின்றதற்கு இவர்களுக்குத் தண்டனை. இறங்கிய மூன்று வாரத்தில் ஒன்பது பேர் செத்தார்கள். ஏழு பேர் பெரியவர்கள். ஒன்று பாஸி வீட்டுக் கைக்குழந்தை, பிறந்து பதினொரு நாள். இன்னொன்று பந்தாலேயோவின் பேரன் மாவ்ரோ. வயது இரண்டு.

மண்வெட்டி பட்ட இடத்தில் தரை மணியடித்தது. யாரும் கேட்காமலே ஜுமாஷ் தன் வீட்டுக் குளிர்காலத்து வறட்டியையெல்லாம் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒரு பகல் எரித்தால் ஒரு முழம் இளகும். மூன்று முழம் இளக்கி, ஆட்களைப் பாய்மரத் துணியில் சுற்றி, கைகளை மார்பில் கட்டி, மல்லாக்கக் கிடத்தினார்கள். மரச் சிலுவை நட்டார்கள். மறுநாள் ஒரு சிலுவையும் இல்லை. அந்தக் குளிரில் மரம் என்றால் அடுப்பு என்றுதான் பொருள். யார் எடுத்தது என்று பந்தாலேயோ விசாரிக்கவில்லை. விசாரித்தால் தன் வீட்டு அடுப்பையும் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதனால் அவர் கணிச்சம் போட்டார்.

வலையை ஆழத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வரும் மீன்காரன் தண்ணீரில் கோடா கிழிக்க முடியும்? கரையைப் பார்ப்பான். கிட்ட இருக்கும் கலங்கரை விளக்குக்கு நேர் பின்னால் தூரத்து மலையின் மூக்கு வருகிறதா? அது ஒரு கோடு. வேறு பக்கம் திரும்பினால் மாதாகோவிலுக்குப் பின்னால் ஒற்றை மரம் வருகிறதா? அது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் அவன் வலை கிடக்கும். மனசுக்குள் போட்டு வைத்துக்கொண்டால் பத்து வருஷம் கழித்தும் போய் எடுக்கலாம். பந்தாலேயோவும் பனியில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். முன்னால் வெள்ளையாக ஒரு மலை, உச்சியில் லேசாகப் புகை. எரிமலை என்று முடிவு கட்டினார். நம்ம நாட்டு எரிமலை ஒன்று நம்ம மேல் பாசம் தாங்காமல் கூடவே வந்துவிட்டது என்று அன்றைக்கும் ஒரு ஜோக் அடித்தார், யாரும் சிரிக்கவில்லை. அந்த உச்சிக்கு நேர் பின்னால், தூரத்துக் குன்றில் ஒரு பழைய கசாக் சமாதியின் கும்மட்டம். இடப்பக்கம் தண்ணீர்த் தொட்டி, அதன் பின்னால் ரயில் கைகாட்டிக் கம்பம். உச்சி, கும்மட்டம். தொட்டி, கம்பம்.

ஏப்ரலில் அவர்களை நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணைக்கு ஓட்டிப்போனார்கள். அனுமதி இல்லாமல் மூன்று கிலோமீட்டர் தாண்டினால் சிறை. மூன்று வருஷம் பந்தாலேயோ பீட்ரூட் தோண்டிக்கொண்டே அந்த நாலு வார்த்தைகளையும் ஜெபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். யுத்தம் முடிந்து சுரங்கத்துக்குத் திரும்பி வந்ததும் நேரே போய் நின்றார். குழி மேடெல்லாம் காற்றில் கரைந்து வெறும் புல்லாகக் கிடந்தது. நகர்ந்து நகர்ந்து பார்த்து, கோடுகள் வெட்டிய இடத்தில் குச்சியை அடித்து, "இங்க" என்றார். சுரங்கப் பட்டறைக்காரன் பழைய குழாயில் ஒன்பது சிலுவை செய்து கொடுத்தான். அன்றிலிருந்து மருமகள் நுன்ஸியா ஒரு ஞாயிறு தவறாமல் புல் பிடுங்கினாள், துரு சுரண்டினாள், சுண்ணாம்பு அடித்தாள். மாவ்ரோவின் தகப்பன் வீத்தோ கட்டாயத் தொழிலாளர் படையில் உரால் பக்கம் எங்கோ செத்தான். எந்தக் குழி என்று ஒரு சீட்டுகூட வரவில்லை. அவளுக்கென்று பூமியில் இருந்த குழி இந்த ஒன்றுதான். 1956-இல் தடை நீங்கி மற்ற குடும்பங்களெல்லாம் கெர்ச்சுக்கு மூட்டை கட்டியபோது, அவர்களுடைய ஆட்களின் சிலுவைகளையும் இவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இவள் போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, அக்டோபரில், சுரங்க அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தது. கழிவுக் கல் கொட்டும் தண்டவாளத்தைச் சிலுவைகள் இருக்கும் பக்கம் நீட்டுகிறார்கள். திங்கட்கிழமை முதல் கல் விழும். விரும்பினால் உறவினர்கள் தங்கள் சொந்த உழைப்பில் ஒன்பது பேரையும் தோண்டி நகரத்து இடுகாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். லாரி ஒரு தடவைக்குத் தரப்படும். சுகாதார இன்ஸ்பெக்டர் லுக்யான் நேரில் வந்து விதியைப் படித்தார். அவருக்கு ஜலதோஷம். பட்டியலில் இருக்கிற ஆள் என்றால் பெட்டியில் வைத்து லாரியில் ஏற்றலாம். பட்டியலில் இல்லாத எலும்பு ஒன்று வந்தாலும் வேலையை நிறுத்தி, குழியை மூடி, மாவட்டத்துக்கு எழுத வேண்டும். பதில் வர ஒரு மாதம்.

"கல்லு ஒரு மாசம் நிக்குமா ஐயா?" என்று பந்தாலேயோ கேட்டார்.

"கல்லு என் டிபார்ட்மென்ட் இல்ல," என்று லுக்யான் மூக்கைச் சிந்தினார்.

முதல் நாள் மூன்று பேர் தோண்டினார்கள். எழுபத்துமூன்று வயதுப் பந்தாலேயோ, நுன்ஸியா, ஜுமாஷ். காற்று பக்கவாட்டில் அடித்தது. கரித்தூள் கலந்த மழை, துப்பினால் எச்சில் கறுப்பு. மாவ்ரோவின் சிலுவைக்குக் கீழே நுன்ஸியா தானே இறங்கினாள். வேறு யாரையும் விடவில்லை. கரண்டியால் சோறு வழிக்கிற மாதிரி மண்ணை வழித்தாள். மூன்று முழம் போனாள். நாலு முழம் போனாள். மஞ்சள் களிமண், மனுஷன் கை படாத மண். அடுத்த சிலுவையிலும் அதே கதை.

"பெரியவரே, நீங்க ஆளைப் புதைச்சீங்களா, தூண்டில் போட்டீங்களா? ஆழம் போயிட்டே இருக்கு," என்று ஜுமாஷ் மேலேயிருந்து கேட்டான்.

"உன் வறட்டி இளக்கின லட்சணத்துக்கு மூணு முழத்துக்கு மேல எவன்டா புதைச்சான்?"

சொல்லிவிட்டுத்தான் பந்தாலேயோவுக்கே அது உறைத்தது. மூன்று முழத்துக்குக் கீழே இருக்க முடியாது. அவர் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தண்ணீர் சரிவு பிடித்துக் கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கும், மண்ணுக்குள்ளும் நீரோட்டம் உண்டு, கெர்ச்சில் தன் மாமன் ஒருவனைக் கிழக்கே புதைத்து மேற்கே எடுத்தார்கள் என்றார். நுன்ஸியா கேட்டுக்கொண்டு கறுப்பு ரொட்டியைக் கிழித்தாள். கெர்ச்சிலிருந்து தங்கை அனுப்பிய உப்பு நெத்திலியும் வெங்காயமும் இருந்தன. அவள் தன் பங்கு மீனைத் துணியில் முடிந்து வைத்துவிட்டு வெறும் ரொட்டியைத் தின்றாள்.

இரண்டாம் நாள் காலை ஐந்தாவது சிலுவைக்கு அடியில் எலும்பு வந்தது.

ஒன்று வந்ததும் வரிசையாக வந்தன. தனித்தனிக் குழி இல்லை. ஒரே வாய்க்காலாக நீண்டது. பாய்மரத் துணி இல்லை. பொத்தான் இல்லை. ஞானஸ்நானப் பதக்கம் ஒன்றுகூட இல்லை. மல்லாக்கவும் இல்லை, எல்லாரும் வலப்பக்கமாக ஒருக்களித்து, ஒருவர் முதுகில் ஒருவர் மார்பை ஒட்டி, முகத்தைத் தென்மேற்கே திருப்பிக் கிடந்தார்கள். எல்லாமே வளர்ந்த ஆட்களின் எலும்புகள். மத்தியானத்துக்குள் எட்டு மண்டை ஓடு. அதற்கு அப்புறம் கைபடாத மண்.

அந்த நேரம் பார்த்து லுக்யான் வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று விரலால் எண்ணினார். எட்டு என்று எழுதிக்கொண்டார். கைக்குழந்தை கிடைக்காது, அந்த வயதில் எலும்பே மாவு, அதை நான் 'கிடைக்கவில்லை' என்று போட்டுவிடுகிறேன், நாளைக் காலை பெட்டி பெட்டியாகப் பெயரைச் சரிபார்ப்பேன், மூக்கு அடைத்துக்கொண்டு வருகிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

அவர் போனதும் ஜுமாஷ் குழிக்குள் இறங்கினான். ஓரத்தில் கிடந்தவளின் கழுத்துக்குப் பின்னால் எதையோ எடுத்துச் சட்டைக் கையில் துடைத்தான். ஓட்டை போட்ட வெள்ளிக் காசு, சடை நுனியில் தொங்கவிடுவது.

"இவங்க உங்க ஆளுங்க இல்ல பெரியவரே."

"அது தெரியுது. யாரு?"

"எங்க ஆளுங்க. முப்பத்திரண்டு, முப்பத்துமூணு பஞ்சம். சர்க்காரு ஆளுங்க ஆடு மாடெல்லாம் ஓட்டிட்டுப் போயிட்டாங்கல்ல, அந்த வருஷம். ரயிலடியில ரொட்டி தர்றாங்கன்னு ஜனங்க நடந்துச்சு. இந்த வழியாத்தான்." அவன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "முகத்தைத் தொழுகைத் திசைக்குத் திருப்பி வச்சிருக்கான் பாருங்க. எவனுக்கோ அதுக்குத் தெம்பு இருந்திருக்கு."

"உங்கம்மா…" என்று நுன்ஸியா தொடங்கினாள்.

"அம்மாவும் நடந்தா. ரெண்டு தங்கச்சிங்களைக் கூட்டிக்கிட்டு. நான் அப்போ தண்டவாள வேலையில இருந்தேன், பதினாறு வயசு. வந்து சேரல."

"அப்ப இது அவங்களாண்ணே?"

"இருக்கலாம். இந்தக் காசு எல்லாப் பொம்பளைங்க சடையிலயும் இருந்துச்சு தங்கச்சி." எடுத்த இடத்திலேயே அதை வைத்து, இரண்டு விரலால் மண்ணைத் தள்ளி மூடினான்.

அப்படியானால் நம்ம ஆட்கள் எங்கே? பந்தாலேயோ மேலே ஏறி, காலை அகட்டி நின்று, கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி வாய்விட்டே சொன்னார். உச்சி, கும்மட்டம். குச்சி அடித்த அன்று நேராக நின்ற கும்மட்டம் இன்று உச்சியை விட்டு நாலு விரல் தள்ளி நின்றது. தொட்டி, கம்பம். அது மட்டும் சரி.

"எந்த உச்சி?" என்றான் ஜுமாஷ்.

"அதான், கல்மேட்டு உச்சி."

ஜுமாஷ் அவரையும் கல்மேட்டையும் மாறி மாறிப் பார்த்தான். நாற்பத்திரண்டு ஏப்ரலில் அவனைப் பட்டாளத்துக்குக் கொண்டுபோனார்கள். நாலு வருஷம் கழித்து அவன் திரும்பியபோது சிலுவைகள் நின்றிருந்தன. பனியில் எல்லா இடமும் ஒரே இடம்தான், பெரியவரிடம்தான் கணக்கு இருக்கிறது என்று அவன் யோசிக்காமல் விட்டுவிட்டான்.

"பெரியவரே, நாப்பத்திரண்டுல உச்சி அங்க இல்லியே. சுரங்க விளக்கு வைக்கிற கொட்டகை இருக்கு பாருங்க, அதுக்கு மேல இருந்துச்சு. அது மலையா என்ன? தினம் கல்லு கொட்டுறாங்க. கொட்டுற பக்கமா உச்சி போய்க்கிட்டே இருக்கும்."

அவர்கள் வந்த மாதத்தில் கல் இழுக்கும் சங்கிலி அறுந்து வேலை நின்றிருந்தது. வெள்ளைப் போர்வை போர்த்துக்கொண்டு நின்றதை மலை என்று நினைத்ததில் தப்பில்லை. திரும்பி வந்த பிறகு அது சுரங்கக் கழிவு என்று பந்தாலேயோவுக்குத் தெரியும்; தன் எரிமலையைப் பற்றி அவரே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனாலும் அந்த உச்சி நகரும் என்பது பதினாறு வருஷத்தில் ஒரு தரம்கூட அவர் மண்டைக்குள் ஏறவில்லை. ஐம்பது வருஷம் தோணியில் இருந்தவர். ஆடுவது தோணி, நகர்வது தண்ணீர். கரை நகர்ந்து அவர் பார்த்ததில்லை.

கட்டைவிரலை மெதுவாக விளக்குக் கொட்டகைக்குத் திருப்பினார். பழைய உச்சியை மனசால் அங்கே நட்டு, பின்னால் கும்மட்டத்தைக் கொண்டுவர எங்கே போய் நிற்க வேண்டும் என்று கண்ணாலேயே நடந்தார். கண் போய் நின்ற இடத்தில் நிற்க இடமில்லை. கல்மேட்டின் அடிவாரம் ஒன்பது வருஷத்துக்கு முன்பே அந்த இடத்தை விழுங்கிவிட்டிருந்தது. கறுப்புக் கல், ஒரு தேவாலய உயரத்துக்கு. இடுக்குகளில் புகை.

நுன்ஸியா அவர் கையின் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரங்கத்தில் அவளுக்குக் கரிப்பட்டையில் வேலை. ஓடும் பட்டையில் கரிக்கு நடுவே வரும் கல்லைப் பொறுக்கித் தொட்டியில் போட வேண்டும்.

"மாமா," என்றாள். "பன்னெண்டு வருஷமா நான் பொறுக்கிப் போட்ட கல்லெல்லாம் எங்க போச்சு?"

பந்தாலேயோ நீட்டிய கையை இறக்கினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. காலையில் பிசைந்து, கட்டைவிரலால் காது காதாக அழுத்தி வைத்திருந்த பாஸ்தா மாவு பலகையிலேயே காய்ந்தது. பந்தாலேயோ சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் எட்டு என்று எழுதிவிட்டார். எட்டும் யாரென்று தெரிந்தால் மாவட்டத்துக்கு எழுதுவார். அந்த வருஷத்துப் பட்டினி எந்தக் காகிதத்திலும் இல்லாத பட்டினி. பதில் எங்கிருந்து வரும்? திங்கட்கிழமை கல்தான் வரும். நம்மிடம் பெயர்கள் இருக்கின்றன.

"ஏழு பேரு பேரைக் குடுங்க," என்றாள் நுன்ஸியா. "அவங்க பிள்ளைங்களுக்கு நானே கடுதாசி போட்டுக்கிறேன். என் பிள்ளை பேரைத் தொடாதீங்க."

"எட்டாவது ஆளு நிக்குதே புள்ள. பட்டியல்ல மிச்சம் ரெண்டு பேருதான். பதினொரு நாள் குழந்தைன்னா அந்த எலும்பைக் காட்ட முடியும்?"

"ரெண்டு வயசுன்னு மட்டும் காட்ட முடியுமா?"

"நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்."

"நீங்க சொன்னது போதும் மாமா. பதிமூணு வருஷமா வெறும் மண்ணுக்குச் சுண்ணாம்பு அடிக்க வச்சீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் நிறுத்தவில்லை. குரலை மட்டும் தணித்தாள்.

"வீத்தோ எங்கன்னு தெரியாது. இவன் எங்கன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்சும் கை வைக்க முடியாது. அவன் பேரு ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம். அதையும் யாரோ ஒரு பொம்பளைக்குப் போட்டு மூடிட்டா நான் எதைச் சொல்லி அழுவேன்?"

கடப்பாரையைத் திருப்பிக் கொடுக்க வந்த ஜுமாஷ் வாசலிலேயே நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நான் ஒண்ணும் கேட்க வரல என்று சொல்லி, கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

விடிந்தபோது நுன்ஸியா வீட்டில் இல்லை. பந்தாலேயோ குழிப் பக்கம் போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அவள் கல்மேட்டின் பக்கமிருந்து வந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு, நகங்கள் கிழிந்திருந்தன. முதல் பனி தூறலாக விழுந்தது. கரித்தூள் பட்டு, விழும்போதே அழுக்காகிவிட்டது.

சுரங்கம் கொடுத்த எட்டுப் பெட்டிகளும் வெடிமருந்துப் பெட்டிகள். பக்கவாட்டில் 'கவனமாகக் கையாளவும்' என்று அச்சடித்திருந்தது. ஜுமாஷ் ஒவ்வொருவரையும் அப்படிக் கையாண்டே அடுக்கியிருந்தான். லாரி இஞ்சினை அணைக்காமல் நின்றது. லுக்யான் பட்டியலை விரித்தார். நேற்றைவிட மூக்கு மோசம். ஆனால் இன்று கிட்ட வந்து ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தார்.

"கோலாஞ்சலோ தெரேசா, அறுபத்தொண்ணு."

"இதுதான்," என்றார் பந்தாலேயோ.

"பல்லு முழுசா இருக்கே?"

"வலைக் கயித்தைக் கடிச்சுக் கடிச்சு உரமேறின பல்லு ஐயா. எழுபதுலதான் முளைக்கவே ஆரம்பிக்கும் அவங்க குடும்பத்துக்கு."

லுக்யான் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோடு போட்டார். ஒற்றைக்காலன் பாஸிக்கு இரண்டு கால் எலும்பு இருந்தது. மரக்கால் உள்ளே கெட்டிப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. ஏழு பெட்டி லாரியில் ஏறியது. ஜுமாஷ் சடைக் காசுக்காரி இருந்த எட்டாவதன் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பட்டியலில் லுக்யானின் விரல் கீழே இறங்கியது.

"பெர்கோலோ மாவ்ரோ." விரல் நின்றது. பெட்டியைப் பார்த்தார். தொடை எலும்பு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் குறுக்காகத்தான் அடங்கியிருந்தது. "ரெண்டு வயசுன்னு போட்டிருக்கு."

பந்தாலேயோ வாயைத் திறந்தார். ஆயுள் முழுக்கப் பொய் சொல்லிப் பிழைத்த வாய், காற்றுதான் வந்தது. லுக்யான் பென்சிலைக் காதில் செருகினார். பையிலிருந்து வேறொரு காகிதத்தை எடுக்கப் போனார்.

நுன்ஸியா முன்னால் வந்தாள். கறுத்த கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்தாள்.

"இவன்தான் ஐயா. வந்தப்ப ரெண்டு வயசு."

"வந்தப்ப சரிம்மா. இது…"

"பதினாறு வருஷம் ஆச்சில்ல," என்றாள். "பிள்ளைங்க வளராம அப்படியேவா இருக்கும்?"

லாரி ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிட்டான். லுக்யான் அவள் முகத்தைப் பார்த்தார். தொப்பியில்லாமல் பனியில் நின்ற கசாக்காரனைப் பார்த்தார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, பட்டியலில் வயது என்ற இடத்தில் 2 என்று இருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் 18 என்று எழுதினார்.